ஏட்டில் ஏற்றுமுன் வீட்டில் கேட்போம்

ஆலயத்துக்கு ஒரு தகவல் முறைமை அமைக்குமுன் விபரம் திரட்டும் வழிகள்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழமைபோல் திருவிழாவின் தத்துவம் பற்றியோ தல வரலாறு பற்றியோ எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் சென்ற பரிபாலன சபைக் கூட்டத்தில் நடந்த ஒரு சிறு உரையாடல் என் மனதை விட்டு அகலவில்லை. ஆகவே அதையே எழுதத் துணிந்தேன்.

அன்று நமது இளைஞர் மன்றப் பிள்ளைகள் ஒரு நல்ல யோசனையோடு வந்தார்கள். ஆலயத்தின் குடும்ப விபரம், சந்தா, உபயம், அர்ச்சனை, அன்னதானம், களஞ்சியம் ஆகிய அனைத்தையும் கணினியில் ஏற்றி ஒரு தகவல் முறைமை அமைக்க வேண்டும் என்றார்கள். சபையினர் அனைவரும் மகிழ்ந்தோம். உடனே ஒரு தம்பி தன் பையிலிருந்து அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்து, “ஐயா, இதை எல்லா வீட்டுக்கும் குடுத்து நிரப்பி எடுத்தா போதும். ரெண்டு கிழமையில வேலை முடிஞ்சிரும்” என்றார்.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும், “தம்பி, கொஞ்சம் பொறுங்க. இதைக் குடுக்க முன்னாடி நாம செய்ய வேண்டிய வேலை ஒன்னு இருக்கு” என்றேன். அந்த வேலை என்ன என்பதைச் சொல்வதே இக்கட்டுரை. முப்பது வருடத்துக்கும் மேலாக அரசாங்க எழுதுவினைஞனாக இருந்து படிவங்களோடு வாழ்ந்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

தகவல் முறைமை என்பது புதிய விடயமா?

க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ‘தகவல் முறைமை’ என்ற சொல் பழக்கமானது. பெரியவர்களுக்காக எளிமையாகச் சொல்கிறேன். விபரத்தைச் சேர்த்தல், ஒழுங்காக வைத்தல், வேண்டியபோது எடுத்தல், அதைக் கொண்டு முடிவு செய்தல் ஆகிய நான்கும் சேர்ந்ததே தகவல் முறைமை. கணினி அதில் ஒரு கருவி மாத்திரமே.

அப்படிப் பார்த்தால் நமது ஆலயத்தில் இப்போதும் ஒரு முறைமை இருக்கின்றது. சந்தாப் புத்தகம், பற்றுச்சீட்டுக் கட்டு, களஞ்சியக் கொப்பி ஆகியவை அதன் பகுதிகள். எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் உபயம் என்பது பூசகர் ஐயாவின் ஞாபகத்தில் இருக்கின்றது. எத்தனை பேருக்கு எத்தனை கிலோ அரிசி போட வேண்டும் என்பது சமையற்கட்டில் நிற்கும் அம்மாமாரின் கைக்கணக்கில் இருக்கின்றது.

கோயில்களுக்கு இது பரம்பரை வழக்கம் என்பதற்குத் தஞ்சைப் பெருங்கோயில் சாட்சி. 1010ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜராஜ சோழன் கட்டி முடித்த அக்கோயிலின் கல்வெட்டொன்றில், கோயிற் பணிக்கென அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் விபரம் வெட்டப்பட்டுள்ளது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அவர் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பன வரிசையாக உள்ளன. ஒரு பங்குக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் உண்டு. ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவரது நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியான ஒருவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் உண்டு.

இதைக் கல்லில் வெட்டுமுன் யாரோ சிலர் தெருத்தெருவாக நடந்து வீட்டை எண்ணியிருக்க வேண்டும், பெயரைக் கேட்டிருக்க வேண்டும், ‘ஆள் இல்லாமற் போனால் என்ன செய்வது’ என்று உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். கல்லில் பிழையாக வெட்டினால் அழிப்பது கடினம் அல்லவா? கணினியில் அழிப்பது எளிது என்பதனால்தான் நாம் யோசியாமல் எழுதிவிடுகிறோம்.

மீரியபெத்தை சொன்ன பாடம்

விபரம் சரியாக இல்லாவிட்டால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். நமது மாவட்டத்துக்குள்ளேயே பதில் இருக்கின்றது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தத் துயரம் நம்மில் எவருக்கும் மறக்காது. மண்ணை அகழத் தொடங்கியபோது எல்லோரும் கேட்ட முதற் கேள்வி, “உள்ளே எத்தனை பேர்?” என்பதே. அதற்கு ஒரே பதில் கிடைக்கவில்லை. ஒருவர் நூறு என்றார், ஒருவர் இருநூறு என்றார், முந்நூறு என்றும் பேச்சு வந்தது. நாட்கள் செல்லச் செல்ல, சரிபார்க்கச் சரிபார்க்க, அந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. பல பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள்.

நம் தோட்டங்களின் நிலைமையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. தோட்டத்துச் செக்ரோலில் வேலை செய்பவரின் பெயர் இருக்கும். வேலை செய்யாத பாட்டியும் குழந்தையும் அதில் இல்லை. வாக்காளர் இடாப்பில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர் இருப்பர். அவர்களில் பாதிப்பேர் கொழும்பில் வேலையில் இருப்பர். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம், சில இடங்களில் மூன்று குடும்பம். கடிதங்கள் வீட்டுக்கு வராமல் தோட்டக் கந்தோருக்கு வந்துதான் கைமாறும். ஒவ்வோர் ஏடும் அதனதன் தேவைக்குச் சரியானதே. ஆனால் ‘இன்றைக்கு இந்தக் கூரையின்கீழ் யார் இருக்கிறார்கள்’ என்ற கேள்விக்கு அவற்றில் எதுவும் எழுதப்படவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நமது பதுளை மாவட்டம் மீண்டும் பேரிடரைக் கண்டது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மக்கள் முதலில் ஓடிச் சேரும் இடம் பாடசாலையும் கோயிலுமே. ஆகவே நமது ஆலயத்தில் அமையப் போகும் பதிவேடு வெறும் சந்தாக் கணக்கு அல்ல. அது ஒரு நாள் ஓர் உயிரைத் தேடுவதற்கும் உதவக்கூடும். இந்த எண்ணத்தோடு, விபரம் திரட்டும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பழைய ஏடுகளை வாசித்தல்

முதல் வேலை, இருக்கின்ற ஏடுகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வாசிப்பது. எந்தக் கொப்பியில் என்ன எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார், எழுதியதை யார் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். எவருமே திரும்பிப் பார்க்காத நிரல் ஒன்று இருந்தால் அது புதிய முறைமைக்குத் தேவையில்லை. ஓரத்தில் பென்சிலால் அடிக்கடி ஏதாவது எழுதப்பட்டிருந்தால், அதற்கு அந்தப் புத்தகத்தில் இடம் இல்லாமற் போயிற்று என்று பொருள். புதிய முறைமையில் அதற்கு இடம் வைக்க வேண்டும்.

ஆனால் ஏட்டில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பிவிடக் கூடாது. குறிப்பாகப் பெயர் விடயத்தில். முத்தையா என்ற ஒரே மனிதரின் பெயரைப் பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும், செக்ரோலில் வேறு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள். ஓர் எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போகும்போது, “இரண்டும் ஒரே ஆள்தானா?” என்ற கேள்வி வரும். அறுபது வயதுக்குப் பிறகு தன் பெயர் தன்னுடையதுதான் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நம் முன்னோரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது 975,000 பேரின் எதிர்காலம் எண்களாகப் பிரிக்கப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பிற்பாடு தீர்மானிக்க. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்தப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. அந்தக் காலமெல்லாம் நம்மவருக்கு ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதி ஒரு வாழ்க்கையின் பெறுமதியாக இருந்தது. ஆகவே யாராவது கொப்பியோடு வீட்டுக்கு வந்து பெயரைக் கேட்டால் நம் பெரியவர்கள் தயங்குவதில் நியாயம் உண்டு. விபரம் திரட்டப் போகும் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. நேரில் கண்டு பேசுதல்

இரண்டாவது வழி நேர்காணல். எல்லாருடனும் பேச இயலாது. ஆனால் வேலை தெரிந்தவர்களுடன் கட்டாயம் பேச வேண்டும். பூசகர், பொருளாளர், களஞ்சியப் பொறுப்பாளர், சமையற்கட்டு அம்மாமார், ஒவ்வொரு டிவிஷனின் தோட்டத் தலைவர் ஆகியோர் இதில் அடங்குவர். ஊரைவிட்டுக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்துகொண்டு திருவிழாவுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளையும் தொலைபேசியில் கேட்க வேண்டும். முக்கியமாக, முன்பு கோயிலுக்கு வந்து இப்போது வராமல் இருப்பவர்களையும் கண்டு பேச வேண்டும். குறை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பேசும் முறைக்குச் சில ஒழுங்குகள் உண்டு. கொழுந்துக்குப் போய்வந்து அம்மா அடுப்பு மூட்டும் நேரத்தில் போய் நிற்கக் கூடாது. ஞாயிறோ போயா தினமோ, அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டுப் போக வேண்டும். முதலில் விரிந்த கேள்வி கேட்க வேண்டும். “உபயம் செய்யிற அன்னைக்கு என்னென்ன நடக்கும், சொல்லுங்கம்மா” என்றால் அவர் தானாகச் சொல்வார். பிறகு “பணத்தை யார்கிட்ட குடுப்பீங்க? பற்றுச்சீட்டு எப்ப கிடைக்கும்?” என்று குறுகிய கேள்விகளுக்கு வரலாம். பதிலை நாமே வாயில் வைத்து ஊட்டக் கூடாது. “பற்றுச்சீட்டெல்லாம் ஒழுங்கா கிடைக்குதுதானே?” என்று தர்மகர்த்தாவே கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? முடிவில், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும்.

இங்கே என்னுடைய பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பதுகளின் இறுதியில் நான் கடமையாற்றிய அலுவலகம் ஒன்றில், ஓர் உதவித் திட்டத்துக்கான விண்ணப்பப் படிவம் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆனால் ஒரு லயத்துக்கும் போகாமல், ஒருவரிடமும் கேட்காமல், மேசையில் இருந்தபடியே எழுதினேன். வீட்டிலக்கம், வீதி, பிறப்புச் சான்றிதழ் இலக்கம் எனக் கட்டங்கள் வைத்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பாத விண்ணப்பம் ஏற்கப்படமாட்டாது என்று கீழே அச்சிட்டேன்.

ஒரு வயதான தாய் மூன்று முறை நடந்து வந்தார். முதல் முறை வீதிப் பெயர் இல்லை என்று திருப்பினேன். இரண்டாம் முறை பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பினேன். மூன்றாம் முறை வெறுங்கையோடு வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, “தம்பி, நான் பொறந்ததுக்கு வேற என்ன சாட்சி வேணும்? உங்க முன்னாடி நிக்கிறேன்தானே” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டம் அப்படி என்றேன். அவர் அதன்பிறகு வரவே இல்லை.

உண்மையில் சட்டம் அப்படி இருக்கவில்லை. பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. படிவத்தில் ‘அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தத் தாய்க்கு உதவி கிடைத்திருக்கும். படிவம் எழுதுமுன் ஐந்து வீட்டுக்குப் போயிருந்தால் அந்த வரி எனக்குத் தோன்றியிருக்கும். இன்றைக்கும் யாராவது புதிய படிவம் ஒன்றை நீட்டினால் எனக்கு அந்தத் தாயின் முகம்தான் ஞாபகம் வரும்.

3. வினாக்கொத்து

பெருந்தொகையானோரிடம் ஒரே கேள்வியைக் கேட்க வினாக்கொத்தே ஏற்றது. நாட்டிலேயே பெரிய வினாக்கொத்து சனத்தொகைக் கணக்கெடுப்புத்தான். இலங்கையில் நவீன முறையிலான முதலாவது கணக்கெடுப்பு 1871 மார்ச் 27ஆம் திகதி நடந்தது. அன்று எண்ணப்பட்டோர் 2,400,380 பேர். கடைசியாக நடந்தது 2024இல். அதில் கடதாசிக்குப் பதிலாக டெப் கருவியில் பதிந்தார்கள். கருவி மாறினாலும் ஒழுங்கு மாறவில்லை. முதலில் வீடுகளைப் பட்டியலிட்டு, பிறகுதான் ஆட்களை எண்ணுகிறார்கள்.

கேள்வியில் என்ன தெரிவுகள் இருக்கின்றனவோ அவற்றுக்குள்தான் பதில் வரும் என்பதற்கும் இதே கணக்கெடுப்பு நல்ல உதாரணம். 1911ஆம் ஆண்டுதான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். 1981இல் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர் 818,656 பேர். 2012இல் 839,504 பேர். முப்பத்தொரு வருடத்தில் நாட்டின் சனத்தொகை ஐம்பது இலட்சத்துக்கு மேல் கூடியபோது இத்தொகை ஏறக்குறைய அப்படியே நின்றது. 2024இல் அந்தக் கட்டத்துக்கு ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்க்கப்பட்டது; ஆயினும் தொகை சுமார் ஆறு இலட்சமாகக் குறைந்தது. பலர் இந்தியா சென்றதும், பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஒரு கட்டத்தின் பெயர் மக்களுக்குத் தம்முடையதாகத் தோன்றாவிட்டால் அவர்கள் வேறு கட்டத்தைத் தேடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒதுக்கீடும் குறையும், குரலும் குறையும்.

ஆகவே நமது வினாக்கொத்துக்குச் சில விதிகளை முன்வைக்கிறேன்.

(அ) ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ‘இந்தப் பதிலை வைத்து நாம் என்ன செய்யப் போகிறோம்?’ என்பதற்கு விடை இல்லாத கேள்வியை நீக்கிவிட வேண்டும்.

(ஆ) ஒரு கேள்வியில் இரண்டு விடயம் கேட்கக் கூடாது. ‘பூசை நேரமும் அன்னதானமும் திருப்தியா?’ என்றால் ஒன்று திருப்தி, மற்றது இல்லை என்பவர் எதை எழுதுவார்?

(இ) ‘வேறு’ என்று ஒரு கட்டமும் அதற்குப் பக்கத்தில் எழுத இடமும் கட்டாயம் வேண்டும்.

(ஈ) ‘குடும்பத் தலைவர்’ என்றால் ஆண் என்று எண்ணிவிடக் கூடாது. அம்மாவின் உழைப்பில் நடக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம்.

(உ) அடையாள அட்டை இலக்கம் உண்மையாகவே தேவையென்றால் மாத்திரம் கேட்க வேண்டும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். இரண்டுக்கும் இடம் வேண்டும்.

(ஊ) வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் பிள்ளைகள் வாசித்துக் காட்டி நிரப்ப வேண்டும். முதலில் பத்து வீட்டில் பரீட்சித்துப் பார்த்து, திருத்தி, பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

4. நின்று அவதானித்தல்

மக்கள் சொல்வது ஒன்று, செய்வது ஒன்றாக இருக்கும். பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. தினமும் செய்கிற வேலையைச் சொல்லும்போது பாதி விட்டுப்போகும். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை மாலை அர்ச்சனைச் சீட்டு மேசைக்குப் பக்கத்தில் பேசாமல் நின்று பார்க்க வேண்டும்.

நான் சென்ற ஆடி மாதத்தில் இரண்டு வெள்ளி அப்படி நின்றேன். பொருளாளர் என்னிடம், “பெயர், நட்சத்திரம், பணம், அவ்வளவுதான்” என்றுதான் சொல்லியிருந்தார். மேசைக்கு வந்தவர்களோ வேறு விதமாகச் சொன்னார்கள். ஒரு தாய் கட்டாரில் இருக்கும் மகன் பெயருக்கு அர்ச்சனை கேட்டார். பணம் மருமகள் அனுப்பியது. பிரசாதம் வாங்கிப் போக வந்தவர் பேரன். அப்படியானால் பணம் தருபவர், யாருக்காக என்பவர், வாங்கிப் போகிறவர் என்று மூன்று பேர். நமது இளைஞர் கொண்டுவந்த படிவத்தில் ‘பெயர்’ என்று ஒரு கட்டம்தான் இருந்தது.

நட்சத்திரம் தெரியாதவர்களும் வந்தார்கள். அவர்களுக்குச் சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்வது வழக்கம். கணினியில் நட்சத்திரம் கட்டாயம் என்று வைத்தால் அவர்களுக்குச் சீட்டே வராது. மேசையில் நிற்காமல் இது எனக்குத் தெரிந்திருக்காது.

ஒன்று மாத்திரம் கவனிக்க வேண்டும். தர்மகர்த்தா பக்கத்தில் நிற்கிறார் என்றால் வேலை செய்பவர் வழமையைவிட ஒழுங்காகச் செய்வார். முதல் நாள் கண்டதை வைத்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். ஏன் நிற்கிறோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வேவு பார்ப்பதாக எவரும் எண்ணக் கூடாது.

5. மாதிரி எடுத்தல்

எல்லா வீட்டிலும் நீண்ட நேரம் பேச இயலாது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் பானையைக் கிளறிவிட்டு எடுத்தால்தான் அந்தச் சோறு சரியான பதம் காட்டும். கோயிலுக்குப் பக்கத்து லயத்தில் மாத்திரம் கேட்டுவிட்டு ஊரே சொன்னது என்று எழுதக் கூடாது. 300 குடும்பம் என்று வைத்துக்கொண்டால், வரிசையாக ஐந்துக்கு ஒரு வீடாக 60 வீடு எடுக்கலாம். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், டவுன் பக்கம் குடியேறியவர்கள் என எல்லாப் பகுதியும் அதில் வர வேண்டும். பஸ் போகாத கடைசி லயம் விடுபடக் கூடாது. மண்சரிவு வந்தால் முதலில் துண்டிக்கப்படுவது அந்த லயம்தான்.

6. கூடிப் பேசுதல்

தனித்தனியே கேட்டவற்றை ஒரு கூட்டத்தில் வைத்துப் பேசினால் முரண்பாடுகள் தெரியவரும். களஞ்சியத்தில் 50 கிலோ அரிசி என்றும் சமையற்கட்டில் 40 கிலோ என்றும் கணக்கு இருந்தால், அது களவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்துக் கிலோவை அடுத்த நாள் பொங்கலுக்கு எடுத்து வைத்திருப்பார்கள். எழுத இடம் இருந்திராது. இருவரும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். இல்லாவிட்டால் இரண்டு வருடம் மனக்கசப்பாக வளரும்.

ஆனால் நம் கூட்டங்களில் குரல் உயர்ந்தவர் பேசுவதும் மற்றோர் தலையாட்டுவதுமே வழக்கம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மாமார் பின்வரிசையில் மௌனமாக இருப்பார்கள். ஆகவே மாதர் சங்கத்துக்குத் தனியாக ஒரு கூட்டம், இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று வைப்பது நன்று.

7. செய்து காட்டித் திருத்துதல்

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றைச் செய்து கையில் கொடுத்தால், “இது சரியில்லை, அப்படி இருந்தா நல்லம்” என்று உடனே சொல்வார்கள். இதற்காகப் பெரிய செலவு வேண்டாம். ஒரு கடதாசி அட்டையிலோ எக்செல் தாளிலோ சிறிய முன்மாதிரி செய்து, ஒரு வெள்ளிக்கிழமை சீட்டு மேசையில் வைத்துப் பார்க்கலாம். பழைய புத்தகமும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒத்துவரும்வரை பழையதை மூடக் கூடாது.

திரட்டிய பின்

மேற்கூறிய ஏழு வழிகளில் எந்த ஒன்றும் தனியே போதாது. ஏடு சொல்வதை நேர்காணலில் சரிபார்க்க வேண்டும். நேர்காணலில் கேட்டதை நின்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரு தேவைப் பட்டியலாக எழுதி, எது கட்டாயம், எது இருந்தால் நல்லது எனப் பிரிக்க வேண்டும்.

முறைமை என்ன செய்ய வேண்டும் என்பதோடு, எப்படி இயங்க வேண்டும் என்பதையும் அப்பட்டியலில் எழுத வேண்டும். 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு இருந்ததை மறக்க முடியாது. மின்சாரம் இல்லாத வேளையிலும் குடும்பப் பட்டியல் கைக்குக் கிடைக்க வேண்டும். ஆகவே மாதம் ஒரு முறை அச்சுப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். பெயர்கள் தமிழில் யூனிகோட் எழுத்துருவில் இருக்க வேண்டும். பாமினியில் அடித்த பழைய கோப்புகளை வேறு கணினியில் திறந்தால் என்ன கோலமாக வரும் என்பதை இம்மலர்க் குழுவினரே அறிவார்கள். செய்த பிள்ளை நாளை வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போனாலும் அடுத்தவர் நடத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். விபரம் தருபவர் நம்மை நம்பித் தருகிறார். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நம் நாட்டில் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், தர்மம் என்ன சொல்கிறது? யார் சந்தா கட்டவில்லை, யார் வீட்டில் யார் வெளிநாட்டில் என்ற விபரம் திண்ணைப் பேச்சுக்கோ, கடன் கொடுப்பவர் காதுக்கோ, தேர்தல் வேலைக்கோ போகக் கூடாது. எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார் என்பதைக் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்பவரை வற்புறுத்தக் கூடாது. விபரம் தராத குடும்பத்துக்கும் அம்பாளின் பிரசாதம் ஒன்றுதான்.

நிறைவாக

அன்பார்ந்த பக்தர்களே! அந்தத் தம்பியின் படிவத்தை நாம் தூக்கி எறியவில்லை. அதையே கையில் எடுத்துக்கொண்டு, சென்ற மாதம் அவரும் நானும் கடைசி லயம்வரை நடந்து பத்து வீட்டுக்குப் போய்வந்தோம். திரும்பி வரும்போது அவரே நான்கு கேள்விகளை வெட்டி, மூன்று புதிய கேள்விகளைச் சேர்த்திருந்தார். அதில் ஒன்று, “அவசர வேளையில் தூக்கியோ கைப்பிடித்தோ அழைத்துச் செல்ல வேண்டியவர் வீட்டில் யாராவது உண்டா?” என்பது. அது என் முப்பது வருட அனுபவத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. கடைசி லயத்தில் எழுந்து நடக்க இயலாத ஒரு தாத்தாவைக் கண்ட பிறகு அவருக்குத் தோன்றியது.

தைப்பொங்கலின் பின்னர் நமது பிள்ளைகள் உங்கள் வாசலுக்கு வருவார்கள். தயவுசெய்து உட்கார வைத்துப் பேசுங்கள். அவர்கள் கேட்கத் தவறியதை நீங்களாகவே சொல்லுங்கள். உங்கள் பெயர் எந்த எழுத்தோடு எழுதப்பட வேண்டும் என்பதைப் பார்த்துத் திருத்துங்கள். எந்தக் கந்தோரில் எப்படி எழுதப்பட்டிருந்தாலும், நம் அம்மனின் ஏட்டிலாவது நம் ஒவ்வொருவரின் பெயரும் சரியாக இருக்கட்டும்.